மினுக்குவதற்குப் பெயர் பராமரிப்பா?

பழைய பீரங்கி ஒன்று வாவிக்கரையில் கிடந்தால் துருவைச் சுரண்டி, கறுப்புப் பெயின்ற் அடித்து, சீமெந்துத் திண்ணையில் ஏற்றி வைக்க வேண்டும். பழைய துவக்கு ஒன்று வீட்டுப் பரணில் அகப்பட்டால் பட்டறைக்கு அனுப்பி மினுக்கி, உடைந்ததை மாற்றி, முடிந்தால் ஒரு வெடியும் தீர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்தால் அந்தப் பொருள் காப்பாற்றப்பட்டுவிட்டது. மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையில் கேட்டாலும் மேற்கே படுவான்கரையில் கேட்டாலும் ஏறக்குறைய இதையே சொல்வார்கள். திருவிழாவுக்கு முன் கோயில் மதிலுக்கு வெள்ளையடிப்பதுபோல இதையும் நற்காரியமாக எண்ணுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. உப்புக்காற்று நூறு வருடத்தில் செய்து முடிக்காத சேதத்தை நல்லெண்ணம் ஒரே பின்னேரத்தில் செய்து முடித்துவிடுகிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாவிக்கரையில் இரும்பு நிலைக்காது என்பது உண்மை. ஐப்பசியில் தொடங்கித் தை வரை மழை. மற்ற மாதங்களில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே அலையும் ஈரக்காற்று. புதிதாகப் போட்ட வீட்டு கேற்றே சில வருடங்களில் அடியில் அரித்துப் போகும் ஊரில், முந்நூறு வருடப் பீரங்கியை வெறுமேனியாக விடலாமா என்று கேட்கிறார்கள். இரண்டாவதாக, ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தங்கள் இரும்புப் பீரங்கிகளுக்குத் தாரும் வர்ணமும் பூசியே வைத்திருந்தார்கள். ஆகவே கறுப்பு நிறம் புதிய கண்டுபிடிப்பு இல்லை என்கிறார்கள். அதுவும் உண்மை. மூன்றாவது நியாயம்தான் பலமானது. துருப்பிடித்துக் கிடப்பதை மக்கள் மதிப்பதில்லை, ஆடு கட்டுவார்கள், குழல் வாய்க்குள் குப்பை போடுவார்கள். பளபளப்பாக நிற்பதை மதிப்பார்கள். மூன்றையும் கேட்டபிறகும் என் மறுப்புகள் நிற்கின்றன.

1. துரு வெளியிலிருந்து வருகிறது என்ற எண்ணமே முதற்பிழை.

வீட்டு கேற்றின் துரு மேலிருந்து உள்ளே போகிறது. சேற்றிலும் உவர் நீரிலும் நெடுங்காலம் கிடந்த பீரங்கியின் நோய் உள்ளே குடியிருக்கிறது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி உண்டு; அது மெல்லிய காரீயத் (கிராஃபைட்) தகடுகளாக இரும்புக்குள் பரவிக் கிடக்கும். உப்புநீர் இரும்பைக் கரைத்துக் கொண்டுபோக, காரீயம் மட்டும் அதே வடிவத்தில் எஞ்சி நிற்கும். கண்ணுக்குப் பீரங்கி முழுசாகத் தெரியும்; மேல்தோலைக் கத்தியால் சீவலாம். அந்த நுண்துளைகளுக்குள் உப்பின் குளோரைட்டு ஊறிக் கிடக்கிறது. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அது விழித்துக்கொள்ளும். இரும்பின் மேல் பழுப்பு நிறத்தில் சிறுசிறு வியர்வைத் துளிகள் அரும்பும். பிறகு பொருக்குப் பொருக்காகத் தோல் உரியும்.

இப்படிப்பட்ட இரும்பின்மேல் பெயின்ற் அடிப்பது புரையோடிய புண்ணுக்குப் புனுகு தடவுவது. உப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம். அது தன் வேலையை இருட்டில் செய்கிறது. இரண்டு மழைக்குள் பெயின்ற் கொப்புளிக்கிறது. கொப்புளத்தை உடைத்தால் பெயின்றோடு சேர்ந்து பீரங்கியின் பழைய மேற்பரப்பும் கையோடு வருகிறது. உடனே என்ன செய்கிறோம்? "போன முறை சரியாச் சுரண்டேல்ல" என்று இன்னும் ஆழமாகச் சுரண்டி, இன்னும் தடிப்பாக அடிக்கிறோம். பத்து முறை இது நடந்தால் பீரங்கி மெலிந்துபோகும். அடியில் கொட்டிய சீமெந்து இன்னொரு கேடு: இரும்புக்கும் திண்ணைக்கும் இடையே புகும் மழைநீருக்கு வெளியேற வழியில்லை.

ஒல்லாந்தர் பூசினார்களே என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அவர்கள் பூசியது உலையிலிருந்து வந்த, உப்பு ஊறாத இரும்பின்மேல். நாம் பூசுவது அதன் சவத்தின்மேல். பூச்சு கூடாது என்று நான் வாதாடவில்லை. உப்பை வெளியேற்றாத பூச்சு கூடாது என்கிறேன். அந்த வெளியேற்றம் எவ்வளவு பொறுமையான வேலை என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் மூழ்கிய மொனிற்றர் கப்பலைப் பாருங்கள். 2002 இல் அதன் சுழல் கோபுரத்தையும் இரண்டு பெரும் பீரங்கிகளையும் கடலடியிலிருந்து எடுத்தார்கள். கார நீர்த் தொட்டிக்குள் வைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கும் வேலை பத்து வருடத்திலும் முடியவில்லை. நாமோ ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டு மாலை போட்டுப் படம் எடுக்கிறோம்.

துரு எல்லாமே எதிரியும் அல்ல. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் ஒரு பீரங்கி கிடக்கிறது. நாயக்கர் காலத்தில், 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, அடித்துப் பொருத்திச் செய்தது. நீளம் சுமார் 26 அடி. எடை 20 தொன்னுக்கு மேல். ஏறக்குறைய நானூறு வருடமாக வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. அதைக் காத்து நிற்பது அதன்மேல் இறுகப் படிந்த பழுப்புத் தோல்தான். அடித்துச் செய்த இரும்புக்கும் வார்த்த இரும்புக்கும், தஞ்சாவூர்க் காற்றுக்கும் நம் உவர்க்காற்றுக்கும் வேறுபாடு உண்டு; தஞ்சாவூரில் சரியானது இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் பழுப்பு நிறத்தைக் கண்டதும் கம்பி பிரஷைத் தேடுகிற கையை அந்தப் பீரங்கி நிறுத்த வேண்டும்.

2. எழுத்தை அழித்துவிட்டு வரலாறு பேச முடியாது.

மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628 இல். பத்தே வருடத்தில், 1638 மே மாதத்தில், தளபதி வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தப் படை கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் படையோடு சேர்ந்து அதைப் பிடித்தது. இலங்கையில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த முதற்கோட்டை அது. 1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். மூன்று அரசுகள் மாறிய இடத்தில் கிடக்கும் ஒரு பீரங்கி யாருடையது, எந்த ஊரில் வார்த்தது, எந்தக் கப்பலில் வந்தது? கடதாசி சொல்லாதபோது இரும்புதான் சொல்ல வேண்டும். அது தன் எழுத்தால் சொல்கிறது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் பீரங்கியில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய மூன்றெழுத்து முத்திரை இருக்கும். அதன் மேலே இருக்கும் தனி எழுத்து ஆம்ஸ்டர்டாமா, டெல்ஃப்ட்டா, ஹூர்னா என்று கும்பனியின் ஆறு கிளைகளில் ஒன்றைக் காட்டும். குழலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் உருளைக் காதுகளின் முகத்தில் வார்ப்பாலையின் குறி இருக்கும். சுவீடனின் ஃபின்ஸ்போங் உலையில் வார்த்தவற்றை அப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். ஆங்கிலப் பீரங்கியில் அரசரின் முடியும் பெயரெழுத்தும், அந்தர் கணக்கில் வெட்டிய எடையும் இருக்கும். இந்தக் குறிகள் சில மில்லிமீற்றர் ஆழம்கூட இல்லாதவை. காரீயமாகிப்போன மேல்தோலில்தான் அவை உட்கார்ந்திருக்கின்றன. கிரைண்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் அரை நிமிடத்தில் பறந்துவிடும். அதன்பின் பக்கத்தில் "ஒல்லாந்தர் காலப் பீரங்கி" என்று பலகை நடலாம். அதை நிரூபிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

எழுத்து மிஞ்சினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2023 டிசம்பரில் கொழும்புக்கு வந்து சேர்ந்த லெவ்கே திசாவையின் பீரங்கியே பதில். கண்டி அரசனுக்கு அவர் 1745-46 இல் காணிக்கையாகக் கொடுத்தது. வெண்கலம், பொன், வெள்ளி, மாணிக்கக் கற்கள் சேர்ந்த வேலைப்பாடு. 1765 இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கொண்டுபோனது. இரு நூற்றாண்டுக்கு மேல் நெதர்லாந்தில் இருந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலையில் இருந்த அதையும் வேறு ஐந்து பொருட்களையும் நெதர்லாந்து அரசு திருப்பிக் கொடுத்ததென்றால், அது எப்படிப் போனது என்பதை ஆராய்ச்சி நிலைநாட்டியதால்தான். அந்த ஆராய்ச்சி கால்வைத்து நின்ற தரைகளில் ஒன்று, குழலில் பொறித்த சிங்கள எழுத்து. யாராவது ஒரு நல்ல மனிதர் அதை வருடாவருடம் தேய்த்து மினுக்கியிருந்தால் நாம் எதைக் காட்டிக் கேட்டிருப்போம்?

இந்த மினுக்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். துலங்கும் பித்தளை அந்த வீட்டின் மானம். ஆனால் நாலு தலைமுறை துலக்கிய விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தை உற்றுப் பாருங்கள். கண் இல்லை. அலகின் கூர் இல்லை. இறகின் கோடுகள் இருந்த இடம் வழவழவென்று இருக்கும். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு மெல்லிய படலம் புளியோடு கழுவப்பட்டுப் போயிருக்கிறது. விளக்குக்கு அது தகும். அது எரிவதற்கு இருக்கிறது, தேய்ந்தால் புதிது வாங்கலாம். சாட்சி சொல்ல இருக்கும் பொருளுக்கு அது தகாது.

3. "திருத்துதல்" என்ற பெயரில் வேறொரு பொருளைச் செய்கிறோம்.

போர்த்துக்கேயர் வந்து நூறு வருடம் ஆவதற்குள்ளேயே இலங்கைக் கொல்லர்கள் துவக்குக் குழல் செய்வதில் பேர்பெற்றுவிட்டார்கள். 16 ஆம் நூற்றாண்டின் முடிவில் எழுதிய ஒல்லாந்தப் பயணி லின்ஸ்ஹோட்டன் அவர்களின் வேலையை மெச்சியிருக்கிறார். கண்டிய மரபுத் துவக்குகளில் விசைப்பொறி இடப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் வலப்பக்கம். இது தெரியாதவர் கையில் அப்படி ஒன்று அகப்பட்டால் "பிழையாகப் பூட்டியிருக்கு" என்று வலப்பக்கத்துக்கு மாற்றிவிடுவார். முறிந்த கட்டைக்குப் பதிலாகப் புதுப் பலகையில் இந்தியச் சினிமாவில் கண்ட வடிவத்தைச் செதுக்குவார். முடிவில் குழல் மட்டும் பாட்டன் காலத்தது, மிச்சமெல்லாம் போன மாசத்தது. அதையும் பழந்துவக்கு என்று சொல்லிக் காட்டுவது பொய்ச்சாட்சி.

கொல்லரைக் குறை சொல்ல நான் வரவில்லை. மண்வெட்டிக்கும் கத்திக்கும் அவர் செய்யும் வேலைதான் சரியான வேலை. பாவிக்கும் பொருளைப் பாவனைக்குத் தக்கபடி திருத்துவது அவர் தொழில். இங்கே கேட்க வேண்டியது வேறு வேலை: உடைந்ததை உடைந்தபடியே தாங்கிப் பிடிப்பது, கட்டாயம் சேர்க்க வேண்டிய புதுத்துண்டைப் புதியது என்று தெரியும்படி சேர்ப்பது, பிறகொருவர் கழற்ற விரும்பினால் கழற்றக் கூடியதாகச் சேர்ப்பது. அதே கொல்லருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் நம்மில் எவரைவிடவும் நன்றாகச் செய்வார். நாம் சொல்வதில்லை. "மினுக்கித் தாங்க" என்றே சொல்கிறோம்.

4. வெடித்தால்தான் துவக்கு என்பது உயிரோடு விளையாடுவது.

வாய்வழி மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கின் குழல், வெளியே எவ்வளவு மினுங்கினாலும், உள்ளே கறுத்த மருந்தின் கழிவு அரித்த குழிகள் நிறைந்தது. குழலின் எந்த இடம் கடதாசித் தடிப்புக்கு மெலிந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து எந்தக் கண்ணும் சொல்லாது. வெடிக்கும்போது குழல் பிளந்தால் பிடித்தவரின் இடது கையும் முகமும் போகும். வெளிநாட்டில் பழைய துவக்கைப் பார்த்துச் செய்த புது நகல்களைச் சுட்டு மகிழ்கிறார்கள் என்பது இங்கே வாதமாகாது. அவை புது உருக்கில் செய்து, சோதனைச் சாலையில் அளவுக்கு மீறிய மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரையிட்டவை. அங்கேயும் அசலைச் சுட அறிந்தவர் அஞ்சுவார். சட்டமும் இருக்கிறது. 1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலங்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கைப் பொறுத்துக்கொள்வதில்லை. 1815 மார்ச் 2 க்கு முற்பட்டதைத் தொல்பொருள் என்று கருதும் 1940 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இன்னொரு பக்கம். வெடி தீர்த்துப் பார்க்கும் ஆசை இரண்டு சட்டத்துக்கும் நடுவே தலையைக் கொடுக்கிறது.

5. மதிப்பு பளபளப்பிலிருந்து வருவதில்லை.

பளபளத்தால்தான் மக்கள் மதிப்பார்கள் என்ற வாதத்துக்கு வருகிறேன். மினுங்கும் பீரங்கியின்மேல் பிள்ளைகளை ஏற்றி உட்கார்த்திப் படம் எடுப்பதை எல்லாக் கோட்டையிலும் காணலாம். அது மதிப்பா? விளையாட்டுச் சாமானாகிவிட்ட ஒன்றின்மேல் ஏறுகிறார்கள். எழுத்தைப் படித்துக் காட்டி, இது இன்ன உலையில் வார்த்தது, இத்தனை அந்தர் எடை, இந்த வாவி வாயில் யாரைக் குறிபார்த்து நின்றது என்று சொல்லிக்கொடுத்த பிள்ளை அதன்மேல் ஏறாது. குனிந்து அந்த எழுத்தைத் தேடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும் தலைமுறை இந்த மண்ணில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "உதையெல்லாம் உருக்கி விடுங்க" என்று சொல்லும் தாய்மாரும் உண்டு. அவர்களோடு எனக்கு வாதமில்லை. அவர்கள் இழந்ததற்கு முன் என் வாதம் சிறியது. ஆனால் மினுக்குபவர்களைக் கேட்கிறேன்: முப்பது வருடப் போருக்குப் பிறகு, மட்டக்களப்பில், ஓர் ஆயுதத்தை அழகாக்கி மேடையேற்றுவது யாருக்காக? அரிப்போடும் வெடிப்போடும் தன் வயதைக் காட்டிக் கிடக்கும் பீரங்கி, அது என்ன வேலைக்கு வந்தது என்பதையும் அந்த வேலை எப்படி முடிந்தது என்பதையும் மறைக்காமல் காட்டும். பெயின்ற் அடித்தது காட்டாது.

6. "எங்களிட்ட காசில்ல, ஆய்வுகூடம் இல்ல" என்பது சாட்டு.

பெரிய வேலைக்குக் காசு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காலித் துறைமுகத்தில் 1659 இல் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் கப்பலை 2001 முதல் அகழ்ந்தபோது நம் நாட்டவர்களே கடலடிப் பொருட்களைப் பாதுகாக்கும் பயிற்சியைப் பெற்றார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையாக வந்த கடல் அவர்களின் பாதுகாப்புக் கூடத்தை அடித்துக்கொண்டு போனது. பயிற்சி பெற்றவர்களின் அறிவை அடித்துக்கொண்டு போகவில்லை. அதே காலையில் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் என்ன செய்தது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் முதல் வேலைகளுக்குக் காசு ஏறக்குறைய வேண்டாம். கை வைக்குமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள்; காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து தானே எழும்பித் தெரியும். நீளம், வாயகலம், காதுகளின் குறி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். சீமெந்தை விட்டு எழுப்பி, காற்றோடும்படி தாங்குகட்டையில் வையுங்கள். குழல் வாய் சற்றுத் தாழ்ந்திருந்தால் மழைநீர் உள்ளே தங்காது. கிணற்று நீர் உவராக இருந்தால் அதால் கழுவாதீர்கள். மழைநீரைச் சேர்த்து மென்மையாகக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். அது சிக்குப் பிடித்து அமிலமாகும், தூசியும் ஈரமும் அதில் ஒட்டும்.

தனின் என்ற பொருள் துருவோடு சேர்ந்து கருநீல நிறத்தில் ஒரு நிலையான படலமாகும். தொல்பொருட் பாதுகாப்பு வேலை செய்பவர்கள் அதைத்தான் பூசி, காய்ந்தபின் மேலே மெழுகு தடவுகிறார்கள். நமக்கு இது புதிதா? கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வித்தை. பருத்தி வலை உக்காமல் இருக்கத் தோய்த்த கண்டல் பட்டைச் சாயத்தின் தனினும் அதே குடும்பம். பட்டையை அவித்துப் பீரங்கிமேல் ஊற்றச் சொல்லவில்லை, அதில் வேறு பல கழிவும் இருக்கும். சுத்தமான தனினைக் கடையில் வாங்கலாம். உப்பு இறங்காத இரும்புக்கு அதுவும் முழு மருந்தல்ல. ஆனால் எழுத்தைத் தின்னாது, பிறகு வருபவரின் கையைக் கட்டாது.

சில வருடங்களுக்கு முன் படுவான்கரையில் ஒரு வீட்டில் சுவரில் தொங்கிய துவக்கைப் பெரியவர் ஒருவர் எனக்குக் கழற்றிக் காட்டினார். பற்றவைக்கும் துளையை எப்போதோ ஈயம் விட்டு அடைத்திருந்தார்கள், இனி வெடிக்காது. "பட்டறைக்கு அனுப்பி மினுக்கி எடுத்த நான். பாருங்க தம்பி, கண்ணாடி மாதிரி இரிக்கு" என்றார். உண்மையிலேயே கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. விசைப்பொறித் தகட்டில் என் முகம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. எழுத்து ஏதும் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். கொப்பியையும் பென்சிலையும் நீட்டி, நினைவிருப்பதை வரையச் சொன்னேன். ஒரு முடி வரைந்தார். அதன் கீழே இரண்டு எழுத்து என்றார். இரண்டாவது எழுத்தை வரைந்தார். ஒரு கால் முன்னே எடுத்து வைத்து நடக்கிற மனிசன் மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வரைந்தார். அது ஆங்கிலத்தின் 'ஆர்'. அரசர் ஜோர்ஜாக இருந்தாலும், மகாராணி விக்டோரியாவாக இருந்தாலும் இரண்டாவது எழுத்து அதுதான். காலத்தைச் சொல்வது முதலாவது எழுத்து. பென்சிலைக் கொப்பியின்மேல் ஊன்றிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.